மலைப்பாதையும் எஞ்சின் ஒயிலும்

பேராதனைச் சந்தியிலிருந்து கண்டி நகரின் மையத்துக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரம். பாடசாலை வேன்களுக்கும் பஸ்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே நின்றும் ஊர்ந்தும் காலையில் அந்தத் தூரத்தைக் கடந்து மாலையில் அவ்வாறே திரும்பும் ஒரு காரின் மீற்றரில் ஆண்டு முடிவிலும் பெரிய எண் எதுவும் ஏறியிருக்காது. ஆகவே குறைவாக ஓடும் வாகனத்துக்குக் குறைந்த பராமரிப்பே போதும் என்று அதன் உரிமையாளர் எண்ணுவது இயல்பு. இலங்கை வீதிகளில் மிகுதியாகக் காணப்படும் கார்களைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனங்களின் பராமரிப்பு அட்டவணைகள் இதற்கு மாறான கணக்கைத் தருகின்றன. டொயோட்டா நிறுவனம் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென வகுத்துள்ள பொது அட்டவணையின்படி, டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினில் 15,000 கிலோமீற்றர் அல்லது 12 மாதங்கள், இவற்றுள் எது முந்தி வருகிறதோ அப்போது எஞ்சின் ஒயில் மாற்றப்பட வேண்டும். கடும் பாவனைக்கு உட்படும் வாகனத்துக்கோ இந்த எல்லை பாதியாகக் குறைந்து 7,500 கிலோமீற்றர் அல்லது 6 மாதங்கள் ஆகிறது. ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்கு மேற்படாத குறுகிய ஓட்டங்கள், ஏற்ற இறக்கம் மிகுந்த மலைப்பாதைகள், நெரிசலில் நீண்ட நேரம் தாழ்ந்த வேகத்தில் அல்லது நின்றபடியே எஞ்சின் இயங்குதல் ஆகியனவே அந்த அட்டவணை சுட்டும் கடும் பாவனைகளுள் முக்கியமானவை. பேராதனையில் வாழ்ந்து கண்டியில் பணிபுரியும் ஒருவரின் வாகனம் இவை மூன்றையும் ஒரே காலை வேளையில் எதிர்கொள்கிறது. இந்த எச்சரிக்கை அடங்கிய கையேடு, பாவித்த காராக இறக்குமதியாகி வந்த வாகனத்தின் முன்பெட்டிக்குள் ஜப்பானிய மொழியிலேயே கிடப்பதால் பெரும்பாலான உரிமையாளர்கள் அதை வாசிக்க வாய்ப்பில்லை.

குறுகிய ஓட்டம் ஒயிலைக் கெடுப்பது எவ்வாறு என்பதை அறிய, எஞ்சினுக்குள் உண்டாகும் நீரைக் கவனிக்க வேண்டும். பெற்றோல் என்பது ஐதரசனும் காபனும் சேர்ந்த ஐதரோகாபன்களின் கலவை. அது எரியும்போது அதன் ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி நீராவியாக மாறுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் உண்டாகும் நீராவியைக் குளிர்வித்துச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். அதன் மிகப் பெரும் பகுதி புகைக்குழாய் வழியாக வெளியேறிவிட, சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, இன்னும் சூடேறாத உலோகச் சுவர்களில் படிந்து ஒயிலோடு கலக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு மிகையாகச் செலுத்தப்படும் பெற்றோலும் அவ்வழியே சிறிது இறங்குகிறது. எஞ்சின் தொடர்ந்து ஓடி ஒயில் நூறு பாகை செல்சியஸை அண்மிக்கும் நாட்களில் இந்த நீரும் பெற்றோலும் ஆவியாகி அகன்றுவிடும். ஆறு கிலோமீற்றரில் பயணம் முடிந்துவிடும் நாட்களில் அவை உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்க்கையில் அதன் அடியில் வெண்மஞ்சள் நிறக் களி படிந்திருந்தால், பெரும்பாலும் இந்த ஈரமே காரணம். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் நெரிசலிலும் இறக்கத்திலும் எஞ்சின் தானாக அணைந்து பின்னர் உயிர்பெறுவதால், ஒயில் முழுமையாகச் சூடேறும் வாய்ப்பு மேலும் குறைகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் வாகனம் ஒயிலையும் மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கை கண்டிப் பகுதியில் பரவலாக உள்ளது. அது தவறானது என்பதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும்.

ஏற்றப்பாதை ஒயிலைக் கெடுக்கும் விதம் வேறு. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும்போதோ, பேராதனையில் பிரிந்து கம்பளை வழியாக நுவரெலியாவை நோக்கிச் செல்லும் ஏ5 வீதியின் மேற்பகுதியிலோ, எஞ்சின் தாழ்ந்த கியரில் நெடுநேரம் பாரம் சுமக்கிறது. அப்போது சுழல்தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் நடுவே, ஒரு தலைமயிரின் தடிப்பை விடவும் பன்மடங்கு மெல்லிய ஒயில் படலம் மட்டுமே உலோகத்தை உலோகத்திடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது. வெப்பம் மிகும்போது ஒயில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிந்து அமிலத்தன்மை கொண்ட பிசினாக மாறத் தொடங்குகிறது. ஒட்சியேற்றம் எனப்படும் இந்த மாற்றத்தின் வேகம், வெப்பநிலை ஒவ்வொரு பத்துப் பாகை உயரும்போதும் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது வேதியியலாளர்கள் கைக்கொள்ளும் ஒரு பொதுக் கணிப்பு. ஆகவே வார நாட்களில் குளிர்ந்த ஓட்டத்தால் நீர் சேர்ந்தும், வார இறுதியில் மலையேற்றத்தால் வெந்தும், ஒரே ஒயில் இரு திசைகளிலிருந்தும் தாக்கப்படுகிறது. இலங்கைச் சேர்விஸ் நிலையங்களில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள 5,000 கிலோமீற்றர் எல்லை, இவ்வகையில் பார்த்தால், வீண் செலவுக்கு வழிவகுக்கும் பழக்கம் அன்று. ஆண்டுக்கு அவ்வளவு தூரம்கூட ஓடாத காருக்கு ஆறு மாதக் கணக்கே பொருந்தும்.

எஞ்சின் ஒயில் என்பது வெறும் எண்ணெய் அன்று. பெரும்பாலும் மசகு எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அல்லது செயற்கையாக உருவாக்கப்படும் அடிப்படை எண்ணெயோடு, பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. படிவுகளைக் கழுவும் கல்சிய, மக்னீசியச் சேர்மங்கள், கழுவப்பட்ட கரித்துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகாமல் மிதக்கவிடும் பொருட்கள், தேய்மானத்தைத் தடுக்கும் நாகமும் பொசுபரசும் கொண்ட சேர்மம், நுரை எழாமல் தடுக்கும் பொருள் ஆகியன அவற்றுள் அடங்கும். புதிய ஒயில் சில நூறு கிலோமீற்றரிலேயே கருமையாகிவிட்டது என்று பலர் கவலைப்படுவதுண்டு. கரித்துகளை உலோகத்திலிருந்து விலக்கித் தன்னுள் தாங்கிக்கொள்வதே அதன் தொழில் ஆதலால், கருமை அந்தத் தொழில் நடப்பதன் அடையாளமே. தேய்ந்து தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியாத சேர்மானங்கள். அதனால்தான் நிறத்தை நம்பாமல் தூரத்தையும் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

கொள்கலனின் முகப்பில் உள்ள 5டபிள்யூ-30 போன்ற குறியீடு பாகுத்தன்மையை, அதாவது ஒயில் எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்பதைக் குறிக்கிறது. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த இந்த அளவுமுறையில், முதல் எண் உறைபனிக் குளிரில் எஞ்சின் உயிர்பெறும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக நகரும் என்பதையும், இரண்டாம் எண் 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பையும் சுட்டுகின்றன. கண்டியில் உறைபனி இல்லையே, பின் முதல் எண் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. எனினும், இரவு முழுவதும் நின்ற எஞ்சினின் மேற்பகுதிக்குக் காலையில் ஒயில் விரைந்து போய்ச் சேர்வதற்கு முதல் எண் சிறியதாக இருப்பது இங்கும் உதவுகிறது. அண்மைக்கால ஜப்பானியக் கார்களில் பல 0டபிள்யூ-20 என்னும் மிக மெல்லிய ஒயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வெப்ப நாட்டுக்குத் தடித்த ஒயிலே நல்லது என்று சொல்லி அவற்றுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது, ஒடுங்கிய ஒயில் வழிகளையும் ஒயிலின் அமுக்கத்தால் இயங்கும் வால்வு நேர அமைப்புகளையும் தடுமாறச் செய்யும். கையேடு குறிப்பிடும் தடிப்பே சரியான தடிப்பு. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் தரக் குறியீடு இன்னொன்று: பெற்றோல் எஞ்சின்களுக்கு அது எஸ் என்ற எழுத்தில் தொடங்கும்; இரண்டாம் எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னே செல்கிறதோ அவ்வளவு புதிய தரம் என்பது பொருள். 2010இல் வந்தது எஸ்என். 2020இல் வந்தது எஸ்பி.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய குறியீடு மூன்றாவது. காரில் எஞ்சினுக்கு ஓர் ஒயிலும் கியர்ப்பெட்டிக்கு வேறோர் ஒயிலும் இருக்க, பெரும்பாலான நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் நனைந்து இயங்குகின்றன. கார் ஒயிலில் எரிபொருள் சிக்கனத்துக்காகச் சேர்க்கப்படும் உராய்வு குறைக்கும் பொருள், உராய்வையே நம்பியிருக்கும் கிளச் தட்டுகளை வழுக்கச் செய்துவிடும். இதனைத் தவிர்க்கவே ஜப்பானில் ஜாசோ எனும் தரம் 1990களின் இறுதியில் உருவாக்கப்பட்டது: நனைந்த கிளச் உள்ள வண்டிக்கு எம்ஏ அல்லது எம்ஏ2, அத்தகைய கிளச் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. ஹந்தானை ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி நகரத் தயங்கினால், கிளச் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் உள்ளே ஊற்றப்பட்டது எந்த ஒயில் என்று பார்ப்பது நல்லது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையிலிருந்த வாகனத்தை நெடுங்காலம் ஓடவைப்பது குடும்பங்களின் கட்டாயமானது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபின் ஒயிலின் விலையும் சுமையானது. விலை ஏறும் பொருளுக்குப் போலி வருவதும் வழக்கம். உராய்வு நீக்கி எண்ணெய்ச் சந்தையைக் கண்காணிக்கும் பொறுப்பு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு உண்டு என்றாலும், கடைசிக் காவல் வாங்குபவரின் கண்ணே. முத்திரை உடையாத கொள்கலனை அறிமுகமான கடையில் வாங்குவதும், வெறுமையான கொள்கலனை வெட்டியோ துளைத்தோ அப்புறப்படுத்துவதும் போலி வணிகத்துக்குக் கதவடைக்கும்; நல்ல நிலையிலுள்ள பழைய கொள்கலனே போலி ஒயிலுக்கு வேண்டிய மூலப்பொருள். வீட்டில் ஒயில் மாற்றுவதன் முதன்மையான பயனும் இதுவே: கூலி மிச்சமாவதைக் காட்டிலும், எஞ்சினுக்குள் என்ன சென்றது என்பது உரிமையாளருக்கு ஐயமின்றித் தெரிந்திருக்கிறது.

மலைச்சரிவில் வெட்டியெடுத்த நிலத்தில் அமைந்த வீடுகளே பேராதனையைச் சூழ மிகுதி என்பதால், இந்த வேலைக்கு முதல் தேவை சமதளம். சரிவில் நிற்கும் காரின் ஒயில் முழுமையாக வடியாது, அளவுகோலும் பொய் சொல்லும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கார் நகரக்கூடும். ஜெக் மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் எவரும் ஒருபோதும் நுழையக்கூடாது. காரைத் தூக்கிய பின் உறுதியான ஜெக் ஸ்டாண்டுகளில் இறக்கி, நிலத்தில் உள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கைப் போட்ட பிறகே அடியில் செல்லலாம். சமதளமும் ஸ்டாண்டும் இல்லாத வீட்டில் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதே அறிவுடைமை. ஒயிலைத் தாமே வாங்கிச் சென்று சேர்விஸ் நிலையத்தில் கண்முன்னே மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளுக்கு இந்த ஆபத்து இல்லை. அதன் ஒயிலும் பெரும்பாலும் ஒரு லீற்றரை ஒட்டியதே ஆகையால், பழகத் தொடங்குவோருக்கு அது ஏற்றது.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் ஒயில் இளகிக் கரியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறும். ஆயினும் நெடும்பயணம் முடிந்த கையோடு திறந்தால் நீரின் கொதிநிலையை அண்மித்த ஒயில் கையைப் பொசுக்கிவிடும். எஞ்சினை அணைத்து மேல்மூடியைத் திறந்துவைத்து, சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் நட்டை வளைய ஸ்பானரால் இளக்க வேண்டும். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றில் அது 14 மில்லிமீற்றர் அளவுடையது. வாய் திறந்த ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பதினைந்து நிமிடமேனும் வடியவிட்டபின், புதிய வாசரோடு நட்டை முதலில் விரலால் மட்டும் திருகிப் புரி சரியாகப் பிடித்ததை உறுதிசெய்துகொண்டு, பிறகு கையேடு குறிக்கும் அளவுக்கு இறுக்குதல் வேண்டும். வீட்டில் செய்யப்படும் ஒயில் மாற்றங்களில் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நேர்கிறது: ஒயில் கசிந்துவிடுமோ என்ற அச்சத்தில் முழுப் பலத்தோடும் இறுக்குவதால் அலுமினியத் தொட்டியின் புரி உரிந்து, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை அடித்தொட்டியையே மாற்றுவதில் முடியலாம்.

பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்ப்பது அவசியம். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதிய பில்டர் பூட்டப்பட்டால், ஒயில் அமுக்கம் ஏறியதும் இரண்டு வளையங்களும் நழுவி, சில நிமிடங்களில் ஒயில் முழுவதும் வீதியில் கொட்டிவிடும். புதிய வளையத்தில் சிறிது புதிய ஒயிலைத் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் முக்கால் சுற்று அளவுக்குக் கையாலேயே இறுக்கினால் போதும். துல்லியமான அளவு பில்டரின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

டொயோட்டாவின் 1.5 லீற்றர் 1என்செட்-எப்ஈ எஞ்சின் பில்டர் மாற்றத்தோடு சுமார் 3.7 லீற்றர் ஒயிலை ஏற்கும். நான்கு லீற்றர்க் கொள்கலனை வாங்கியவர் முழுவதையும் ஊற்றிவிடும் சபலத்துக்கு ஆளாகக்கூடாது. ஒயில் மட்டம் மிகுந்தால் சுழல்தண்டு அதில் அடிபட்டு நுரை எழுப்பும். நுரைக்குள் இருக்கும் காற்று உலோகத்தைப் பிரித்துவைக்காது. எனவே குறித்த அளவில் சிறிது குறைத்தே ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அமுக்க விளக்கு அணைவதையும் அடியில் கசிவில்லாமையையும் பார்த்து, அணைத்துச் சில நிமிடம் பொறுத்தபின் அளவுகோலைத் துடைத்துச் செருகி எடுத்து, இரு குறிகளுக்கும் இடையே மேற்குறியை அண்மித்து நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிய திகதியையும் மீற்றர் எண்ணையும் எழுதிவைப்பது, காரை விற்கும் நாளிலும் பயன்படும்.

இனி வடிந்த ஒயில். இலங்கைத் தமிழில் கழிவொயில் எனப்படும் இதைக் கறையான் அரிக்காதபடி வேலிக்கட்டைகளிலும் கூரை மரங்களிலும் பூசுவது மலையகத்தில் நெடுநாள் வழக்கம். எஞ்சியது வீட்டின் பின்புறக் கானில் ஊற்றப்படுவதும் உண்டு. எரிதலின்போது உண்டாகும் பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள் பாவித்த ஒயிலில் சேர்ந்திருக்கின்றன. அத்தகைய ஒயில் விலங்குகளின் தோலில் தொடர்ந்து படும்போது புற்றுநோயை உண்டாக்குவது ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே வேலையின்போது கையுறை அணிவதும், சிறுவர்கள் தொட்டு விளையாடும் மரத்தில் இதைப் பூசாதிருப்பதும் மிகையான எச்சரிக்கைகள் அல்ல. மரத்தில் பூசியதும் அங்கேயே தங்குவதில்லை. மழை அதைக் கழுவி மண்ணுக்கும் கிணற்றுக்கும் கொண்டுசெல்கிறது.

ஒரு தடவை ஒயில் மாற்றும்போது வெளிவரும் கழிவொயில் ஒரு மில்லியன் கலன் நன்னீரை மாசுபடுத்தப் போதுமானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கை பேராதனைக்குப் பொருந்துவதுபோல் இலங்கையின் வேறு சில இடங்களுக்கே பொருந்தும். இங்குள்ள கான்கள் சென்று சேருமிடம் மகாவலி கங்கை. 1821இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவை வளைத்துச் செல்லும் அந்த ஆறு, கண்டி நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் மெத எல ஓடையைக் கெட்டம்பேயில் ஏற்றுக்கொள்கிறது. கண்டி மக்களின் குடிநீர் கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இதே ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. சற்றுக் கீழே, 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல அணைக்கட்டு ஆற்றுநீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக உக்குவெல மின்நிலையத்துக்கும், அங்கிருந்து வடக்கே உலர்வலயத்தின் குளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் திருப்பிவிடுகிறது. பேராதனையின் ஒரு கானில் ஊற்றப்படும் மூன்றரை லீற்றர், குடிநீர்க் குழாயையும் தொலைதூர வயலையும் ஒருசேர நோக்கிப் புறப்படுகிறது. இதைச் சிறு தவறு என்று கடந்துபோக இயலாது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகளில், கழிவொயில் அட்டவணைப்படுத்திய கழிவுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை. சேகரிக்கப்படும் கழிவொயிலில் ஒரு பகுதி புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் எரிபொருளாகிறது. 1,400 பாகையைத் தாண்டும் அச்சூளையின் வெப்பத்தில் நச்சுச் சேர்மங்கள் சிதைந்துவிடுகின்றன. வீட்டில் ஒயில் மாற்றுபவருக்கு இந்தச் சங்கிலியில் நுழையும் வாயில், பெரும் பீப்பாய்களில் கழிவொயிலைச் சேர்த்துச் சேகரிப்போரிடம் கையளிக்கும் அண்மையிலுள்ள சேர்விஸ் நிலையமே. புதிய ஒயிலை வாங்கும் நாளிலேயே, பழையதை ஏற்றுக்கொள்வார்களா என்று அங்கே கேட்டு வைத்துக்கொள்வது உசிதம். பழைய பில்டருக்குள்ளும் கால் லீற்றர் அளவுக்கு ஒயில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை ஓர் இரவு முழுவதும் வாய் கீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, வடிந்ததையும் அதே கொள்கலனில் சேர்த்து இறுக மூட வேண்டும். அந்தக் கொள்கலனில் தண்ணீரோ பெற்றோலோ பிரேக் ஒயிலோ ரேடியேட்டர்த் திரவமோ கலந்துவிட்டால் கழிவொயிலை மீளப் பயன்படுத்துவது கடினமாகி, ஏற்றுக்கொள்ள வேண்டிய இடமே அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.